கன்றின் உடலுக்குள் ஒரு குளம்
கலமும் உட்சமநிலையும் பற்றி ஒரு பாடம்

வயிற்றோட்டம் கண்ட கன்று காலையில் தள்ளாடிக்கொண்டு நிற்கும், மத்தியானம் படுத்துவிடும், மறுநாள் விடியுமுன் இறந்து கிடக்கும். "கிருமி கொன்றுவிட்டது" என்கிறோம். தொடக்கிவைத்தது கிருமிதான். ஆனால் பெரும்பாலான கன்றுகளின் உயிரைப் பறிப்பது சாணத்தோடு ஒழுகிப்போன தண்ணீரும் உப்புமே. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் கன்றைக் காப்பாற்றும் வழியில் பாதி விளங்கிவிடும்.

மிருக வைத்தியம் படிக்கப் போகும் மாணவர்கள் ஊசியையும் மருந்தையும் தொடுமுன், கலம் என்றால் என்ன, உடல் தன் உட்புறத்தை எவ்வாறு மாறாமல் வைத்திருக்கிறது என்பவற்றைப் படிக்கிறார்கள். அந்தப் பாடத்தின் ஒரு துண்டை இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். பல்கலைக்கழகப் பாடம் நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். காணியையும் கிணற்றையும் விட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்றுக்கு, கையோடு கொண்டுவந்த பசுவும் கன்றும் நாலைந்து ஆடுகளுமே முதலாக இருக்கும். மிருக வைத்தியர் வந்து சேரும் வரையுள்ள மணித்தியாலங்களில் அந்தக் கன்றுக்கு வைத்தியர் நீங்கள்தான்.

கலம் என்பது என்ன?

1665ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் றொபேட் ஊக் என்பவர் தக்கையை மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். தேன்வதையில் உள்ளவை போன்ற சிறு சிறு அறைகள் தெரிந்தன. அவர் கண்டவை உயிர் போன வெற்றறைகள். உயிருள்ள மிருகத்தின் தோல், தசை, ஈரல், குருதி யாவும் இத்தகைய அறைகளால் ஆனவை என்பதை 1839இல் ஜேர்மனியரான தியடோர் சுவான் எழுதி வெளியிட்டார். இந்த அறையைத்தான் கலம் என்கிறோம்.

கலங்கள் மிகச் சிறியவை. ஆட்டின் குருதியில் உள்ள செங்குழியங்களில் ஏறக்குறைய 250ஐ வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் நீளம் வரும். வீட்டு மிருகங்களுக்குள் ஆட்டின் செங்குழியமே ஆகச் சிறியது. கண்ணால் பார்க்கக்கூடிய கலம் ஒன்றும் உங்கள் வீட்டில் உண்டு: கருக்கட்டாத கோழி முட்டையின் மஞ்சட்கரு முழுவதும் ஒரே ஒரு கலம்.

கலத்தின் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று விரிவாகச் சொல்லப் புகுந்தால் இந்த இதழ் போதாது. நடுவில் கரு இருக்கிறது. பரம்பரை இயல்புகளைப் பற்றிய கட்டளைகள் அதில் உள்ளன. இழைமணிகள் எனப்படும் சிறு உறுப்புகள் உணவிலிருந்து சக்தியை எடுத்துக் கொடுக்கின்றன. அவை கலத்தின் அடுப்படி. இவையெல்லாம் குழியவுரு என்ற கூழ் போன்ற பொருளில் கிடக்கின்றன. (நம்முடைய செங்குழியத்திலும் மாட்டின் செங்குழியத்திலும் கரு இல்லை, கோழியின் செங்குழியத்தில் உண்டு. பரீட்சைகளில் மாணவர்களை மாட்டுவதற்கு ஏற்ற கேள்வி.)

இன்றைய பாடத்துக்கு முக்கியமானது கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு. ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைந்த தடிப்புடைய இந்தச் சவ்வு, கொழுப்பினாலான இரண்டு படைகளால் ஆனது. அதை வயலின் வரம்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள். வரம்பில் மதகுகள் இருப்பதுபோல இந்தச் சவ்விலும் புரதத்தாலான வாசல்கள் உண்டு. சில திறந்தே இருக்கும். சில வேண்டியபோது மட்டும் திறக்கும். சில வாசல்களில் இறைப்புப் பொறி பூட்டப்பட்டிருக்கும்.

இறைத்துக்கொண்டே இருக்கும் பொறி

கலத்துக்கு வெளியிலுள்ள நீர் கடல்நீரை ஒத்தது. கடலிலும் பார்க்க உவர் குறைந்தது. அதில் சோடியம் அதிகம். சாப்பாட்டு உப்பின் ஒரு பாதி சோடியந்தான். கலத்துக்கு உள்ளேயோ பொற்றாசியம் அதிகம். சோடியம் மிகக் குறைவு. ஆனால் சோடியம் ஓயாமல் உள்ளே கசிய முயல்கிறது. பொற்றாசியம் வெளியே கசிய முயல்கிறது. ஆகவே ஒவ்வொரு கலத்தின் சவ்விலும் இறைப்புப் பொறிகள் இரவு பகலாக வேலை செய்கின்றன. ஒவ்வொரு முறையும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கின்றன. டென்மார்க் நாட்டவரான ஜென்ஸ் ஸ்கூ, நண்டின் நரம்புகளை வைத்து ஆராய்ந்து 1957இல் இதனை வெளிப்படுத்தினார். நாற்பது வருடங்கள் கழித்து, 1997இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மரநிழலில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும் மாடு சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறோம். அது அப்போது செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இந்த இறைப்புக்கே போகிறது. தீன் இல்லாத மாடு வேலை செய்யாதிருந்தும் மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம். பொறி நிற்க முடியாது. நின்றால் கலம் வீங்கிச் சாகும்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

கருவாடு போடும் முறை உங்களுக்குத் தெரியும். மீனை வெட்டி உப்பைத் திணித்து வைத்தால் சிறிது நேரத்தில் மீனிலிருந்து தண்ணீர் கசிந்து ஓடுகிறது. உப்பு அதிகமுள்ள பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வைத் தாண்டிப் போகிறது. பாடநூல்கள் இதைப் பிரசாரணம் என்கின்றன. காய்ந்த முந்திரிகை வற்றலைத் தண்ணீரில் போட்டால் ஊதிப் பருப்பதும் இதே விதிப்படிதான். அங்கே தண்ணீர் உள்ளே போகிறது.

குருதியின் செங்குழியமும் அப்படியே. அதை வெறும் தண்ணீரில் விட்டால் ஊதி வெடித்துவிடும். கடுமையான உப்புத் தண்ணீரில் விட்டால் சுருங்கிப்போகும். லீற்றருக்கு 9 கிராம் உப்புள்ள நீரில் அது இருந்தபடியே இருக்கும். ஆஸ்பத்திரியில் கொளுவும் சேலைன் போத்தலில் இந்த அளவு உப்பே கரைக்கப்பட்டிருக்கிறது.

இதிலே இடம்பெயர்வோர் அறிய வேண்டிய ஒரு விடயம் உண்டு. வெயிலில் நெடுந்தூரம் நடத்திக் கொண்டுவந்த கன்றுகள் தாகத்தால் வாடியிருக்கும். கிணற்றைக் கண்டதும் இரக்கப்பட்டு வாளி வாளியாகக் குடிக்க விடுகிறோம். சில மணித்தியாலங்களில் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. செய்வினை என்றோ பாம்பு தீண்டியது என்றோ பயப்படுகிறவர்கள் உண்டு. நடந்தது வேறு. அளவுக்கு மீறிய வெறுந்தண்ணீர் ஒரேயடியாகக் குருதியில் கலந்ததால் செங்குழியங்கள் ஊதி வெடித்து, அவற்றின் சிவப்பு நிறம் சிறுநீரில் வருகிறது. மூளையின் கலங்களும் வீங்கினால் கன்று வலித்து விழும். ஆகையால் தாகித்த கன்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அரை மணிக்கு ஒரு தடவை என்றபடி தண்ணீர் காட்ட வேண்டும். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

குளத்து மட்டம்

இனி உடல் முழுவதையும் பார்ப்போம். பிறந்து சில நாளான 20 கிலோக் கன்றை எடுத்தால் அதில் ஏறக்குறைய 15 லீற்றர் தண்ணீர்தான். கலங்களுக்குள் ஒரு பகுதியும், கலங்களைச் சுற்றியும் குருதியிலும் மறு பகுதியுமாக அது இருக்கிறது. கலங்களைச் சுற்றியுள்ள நீரை உடலுக்குள் இருக்கும் குளம் எனலாம். கலங்கள் அந்தக் குளத்து மீன்கள். குளம் வற்றினாலும், உவர்த்தாலும், சூடேறினாலும், புளித்தாலும் மீன்களுக்கு ஆபத்து.

வெளியே மழையோ வெயிலோ, உள்ளே இருக்கும் இந்தக் குளம் மாறாமல் இருப்பதே சுயாதீனமான உயிர்வாழ்வுக்கு அடிப்படை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிய அறிஞர் குளோட் பேணாட் விளக்கினார். 1926இல் அமெரிக்கரான வோல்ற்றர் கனன் இதற்கு ஒரு பெயர் வைத்தார். நமது பாடநூல்களில் அதை ஒருசீர்த்திடநிலை என்று எழுதுகிறார்கள். வாய்க்குள் நுழைய மறுக்கும் சொல். உட்சமநிலை என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

குளத்தில் நீர் ஏறினால் வான்கதவைத் திறக்கிறோம், இறங்கினால் மூடுகிறோம். உடலிலும் இப்படியே. தண்ணீர் குறைந்து குருதி உவர்த்தால், மூளையின் அடியில் இருக்கும் பரிவகக்கீழ் என்ற பகுதி அதை உணர்கிறது. உடனே தாகம் எடுக்கிறது. அங்கிருந்து வரும் ஓமோன் ஒன்று சிறுநீரகத்துக்குப் போய், தண்ணீரை வெளியே விடாதே என்கிறது. சிறுநீர் குறைந்து மஞ்சளாகிறது. தண்ணீர் குடித்ததும் கட்டளை தணிகிறது.

மாட்டின் உடற்சூடு 38.5 பாகை செல்சியசு அளவில் நிற்கிறது. ஆட்டுக்கு அதிலும் சற்றுக் கூட. கோழிக்கு 41 பாகையை அண்டி. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மாட்டிலும் குறைவு. அதனால்தான் சேற்றைத் தேடுகிறது. எருமையைப் புதிய இடத்துக்குக் கொண்டுவந்தால் புல்லைத் தேடுமுன் அதற்கொரு மோட்டையையும் நிழலையும் தேட வேண்டும். குருதியின் அமில–கார அளவு 7.4இல் நிற்கிறது. கல்சியத்துக்கும் ஓர் அளவு உண்டு. கன்று ஈன்றவுடன் கடும்புப்பாலுக்குக் கல்சியம் திடீரென்று இழுபடுவதால் சில நல்ல கறவைப் பசுக்கள், குறிப்பாக ஜேர்சி இனத்தவை, எழும்ப முடியாமல் விழுந்துவிடுகின்றன. பால் காய்ச்சல் என்ற பெயர் இருந்தாலும் அதில் காய்ச்சல் இல்லை. உடல் குளிர்ந்தே இருக்கும். அதைப் பிறிதொரு முறை பார்ப்போம்.

மதகு உடையும்போது

வயிற்றோட்டத்தில் என்ன நடக்கிறது? குடலின் உட்புறம் பட்டுத்துணி போலச் சடைமுளைகளால் மூடப்பட்டிருக்கிறது. அவற்றின் கலங்கள் உப்பையும் தண்ணீரையும் உணவையும் உறிஞ்சி எடுக்கின்றன. சில பற்றீரியாக்கள் சுரக்கும் நஞ்சு அந்தக் கலங்களின் உப்பு வாசல்களைத் திறந்து, திறந்தபடியே விட்டுவிடுகிறது. உப்பு குடலுக்குள் கொட்டுகிறது. உப்புப் போன பக்கம் தண்ணீரும் போகும். கருவாட்டில் பார்த்த அதே விதி. வேறு சில கிருமிகள் சடைமுளைகளின் நுனிகளையே அரித்துவிடுகின்றன.

கடுமையாகக் கழியும் கன்று ஒரே நாளில் தன் நிறையில் பத்திலொரு பங்கைக் கூட இழக்கலாம். 20 கிலோக் கன்றுக்கு அது 2 லீற்றர். மூன்று போத்தலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு லீற்றர் போனதும் கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல் சற்று நேரம் நிற்கும். ஒன்றரை லீற்றரைத் தாண்டினால் கண்கள் குழிவிழுந்து கண்ணுக்கும் இமைக்கும் இடையில் இடைவெளி தெரியும். இரண்டு லீற்றர் போனபின் வாயும் காதும் குளிர்ந்து, கன்று எழும்பாது. மூன்று லீற்றர் அளவில் தப்புவது அரிது. இடையில் மற்றொன்றும் நடக்கிறது. அமிலத்தை முறிக்கும் காரச் சத்து சாணத்தோடு போய்விடுவதால் குருதி அமிலமாகிறது. கலங்களுக்குள் இருக்க வேண்டிய பொற்றாசியம் வெளியே வந்து இதயத்தைத் தளர்த்துகிறது.

மூடாத ஒரு வாசல்

நஞ்சினால் வாசல்கள் பல கெட்டாலும் ஒரு வாசல் பெரும்பாலும் கெடுவதில்லை. குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து வந்தால் மட்டும் திறக்கும் வாசல் அது. ஒரு குளுக்கோசோடு இரண்டு சோடியம் உள்ளே போகும். தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் அந்த வாசல் திறவாது. உப்பில்லாத குளுக்கோசுத் தண்ணீருக்கும் திறவாது. இரண்டும் சேர வேண்டும். அமெரிக்கரான றொபேட் கிறேன் 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் இந்தக் கருத்தை வெளியிட்டார்.

அது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1971இல் வங்காளதேசப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்கு அகதிகளாக ஓடினார்கள். எல்லையோர ஊரான பொங்காவில் அகதிகளிடையே கொலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் முடிந்துபோனது. அங்கு கடமையாற்றிய வைத்தியர் திலீப் மகாலனபிஸ், லீற்றருக்குக் குளுக்கோசு 22 கிராம், உப்பு 3.5 கிராம், அப்பச்சோடா 2.5 கிராம் என்று கலந்து, பெரிய பீப்பாக்களில் கரைத்து வைத்தார். தாய்மாரும் உறவினரும் கோப்பைகளில் மொண்டு சென்று நோயாளிகளுக்குப் பருக்கினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த நிலையில், இந்த நீரைக் குடித்தவர்களிடையே இறப்பு நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது. வைத்தியசாலையில் ஊசி ஏற்ற ஆளில்லாத இடத்தில், வீடு வாசல் இழந்து வந்த அம்மாமாரே அந்த உயிர்களைக் காத்தார்கள் என்பதை நாம் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மகாலனபிஸ் 2022இல் காலமானார். இன்று நம் மருந்துக்கடைகளில் வாங்கும் ஜீவனிப் பொட்டலமும் இதே வழியில் வந்ததுதான்.

கன்றுக்கு எப்படிக் கொடுப்பது?

ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் பொட்டலம் இல்லாத இடத்தில் சீனியும் உப்பும் கரைத்துக் கொடுக்கிறோம், அது சரி. கன்றுக்கு அது சரிவராது. சீனியை உடைத்துக் குளுக்கோசாக்கும் நொதியம் மனிதப் பிள்ளையின் குடலில் உண்டு. கன்றின் குடலில் இல்லை. உடையாத சீனி குடலிலேயே கிடந்து மேலும் தண்ணீரை இழுக்கும். ஆகவே கன்றுக்குக் குளுக்கோசுத் தூளே வேண்டும்.

கன்றுகளுக்கென்று செய்த பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். பொற்றாசியமும் அளவாகச் சேர்ந்திருக்கும். கிடைக்காவிட்டால் ஜீவனி. அதுவும் இல்லையென்றால் பொங்காவில் செய்ததையே செய்யலாம்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர், குளுக்கோசு மட்டமாக இரண்டு மேசைக்கரண்டி, உப்பு மட்டமாக அரைத் தேக்கரண்டி, அப்பச்சோடாவும் மட்டமாக அரைத் தேக்கரண்டி. கரண்டியைக் குவித்து அள்ளாதீர்கள். உப்புக் கூடினால் கலங்கள் சுருங்கி, முதலில் கெடுவது மூளை. இளஞ்சூடாகக் கொடுத்தால் கன்று விரும்பிக் குடிக்கும். 20 கிலோக் கன்றுக்கு ஒரு தடவைக்கு முக்கால் லீற்றர், அதாவது ஒரு போத்தல், நாளுக்கு மூன்று நான்கு முறை. ஆட்டுக்குட்டிக்கு ஒரு தடவைக்கு அரைக் கோப்பையளவு போதும்; முறையைக் கூட்டுங்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்த கரைசலை ஊற்றிவிடுங்கள். வளர்ந்த மாட்டுக்கு இந்த முறை இப்படியே பொருந்தாது. அதன் பெரிய வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் குளுக்கோசைக் குடலுக்குப் போகவிடாமல் தாமே தின்றுவிடும்.

வயிற்றோட்டக் காலத்தில் பாலை நிறுத்துவது நம்மவரின் பழைய வழக்கம். அது வேண்டாம். கன்றுக்குச் சக்தி தருவது பால் மட்டுமே. பட்டினி கிடந்த குடல் புதுக் கலங்களை உண்டாக்கித் தன்னைத் திருத்திக்கொள்ளாது. தாயிடம் விடுங்கள். கரைசலைப் பாலோடு கலக்காமல், இரண்டு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள்.

கொடுக்குமுன் கழுவிய விரலைக் கன்றின் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். சூப்பினால் வாயால் கொடுக்கலாம். சூப்பாத கன்றின் வாய்க்குள் போத்தலைச் செருகி ஊற்றினால் நீர் சுவாசப்பைக்குள் போய்விடும். அந்தக் கன்றுக்கு நாளத்தில் சேலைன் ஏற்ற வேண்டும். அதை மிருக வைத்தியரே செய்ய வேண்டும். தாமதியாமல் ஆள் அனுப்புங்கள். சாணத்தில் இரத்தம் கண்டாலும், காய்ச்சல் அடித்தாலும், இரண்டு நாளில் குறையாவிட்டாலும் அவ்வாறே.

அடுத்த கன்று பிறக்கும்போது நினைவில் வைக்க ஒன்று. பசுவின் வயிற்றில் இருக்கும் கன்றுக்குத் தாயின் குருதியிலிருந்து நோயெதிர்ப்புப் பொருள்கள் போய்ச் சேர்வதில்லை. அவை கடும்புப்பாலில்தான் வருகின்றன. பிறந்த கன்றின் குடற்கலங்கள் அந்தப் பெரிய புரதங்களை முழுதாக விழுங்க வல்லவை. ஆனால் ஒரு நாளில் அந்த வாசல் மூடிவிடும். முதல் ஆறு மணித்தியாலமே சிறந்த நேரம். கடும்பைக் காய்ச்சிச் சீனி போட்டு உண்ணும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. கன்று வயிறாரக் குடித்த பிறகு மிஞ்சுவதில் அதைச் செய்யுங்கள்.

கழிச்சல் கண்ட கன்றை மற்றக் கன்றுகளிலிருந்து பிரித்துக் கட்டுங்கள். பல குடும்பங்கள் ஒரே கிணற்றைப் பாவிக்கும் இடங்களில் அதன் சாணத்தைக் கிணற்றுக்குத் தூரமாகக் கிடங்கு வெட்டிப் புதைப்பது அவசியம். கன்றைக் கழிய வைக்கும் கிருமிகளில் சில சின்னப் பிள்ளைகளுக்கும் தொற்றும். கன்றைப் பராமரித்தவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது. பிள்ளைகளைக் கன்றோடு விளையாட விடுவதையும் அது தேறும்வரை நிறுத்திவையுங்கள்.